மாமன் வீட்டு மகாராணி

நெய்வேலி, வட்டம் 19
8-7-2015, புதன்

தம்பி இளம்பரிதிக்கு அக்கா ஆதிலட்சுமி எழுதுவது.

போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று நீ ஓசூரில் உட்கார்ந்து சிரிப்பாய். சிரிக்காதே. வீட்டில் இருந்த ஒரே போனையும் உன் மாமா எடுத்துக்கொண்டு மைன்சுக்குப் போய்விடுகிறார். அந்தப் பொறுக்கி திரும்பக் கூப்பிடுவானாம், இவர் பிடிப்பாராம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் அடித்தது, அவர் எடுத்தார். ஆம்பளைக் குரல். "மாமன் வீட்டு மகாராணி இருக்காளா?" என்று கேட்டிருக்கிறான். யாருடா நீ என்று இவர் அதட்டினதும் கூசாமல் பேசியிருக்கிறான். "இசைப்பிரியாகிட்ட குடுங்க. ஊதா தாவணில சூப்பரா இருந்தான்னு சொல்லணும்." சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

எச்சில் கையோடு அவர் பாப்பாவைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்குப் பதிமூன்று வயது. "யாருடி அவன்?" என்றார். "தெரியாதுப்பா" என்றாள். அவர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே உள்ளுக்குள் ஒரு நெருடல்.

நீயே யோசித்துப் பார். அந்த ஊதா தாவணி மே மாதம் அவள் சடங்குக்கு நீ சீராகக் கொண்டுவந்தது. ஒரே ஒரு நாள்தான் கட்டினாள். 'மாமன் வீட்டு மகாராணி' என்ற வாசகம் தாய்மாமன் என்று நீ அடித்துக் கொண்டுவந்த பேனரில் இருந்தது. அதுவும் ஒரு நாள்தான் குவார்ட்டர்ஸ் வாசலில் தொங்கியது. மறுநாளே அவிழ்த்து, படம் உள்பக்கமாக மடித்து, மழைக்கு அவர் வண்டி மேல் போட்டாயிற்று. ஆக, அன்றைக்கு வந்து தின்றுவிட்டுப் போனவன் எவனோதான் இந்த வேலை பார்க்கிறான்.

உன்னோடு குறிஞ்சிப்பாடியிலிருந்து வேனில் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருத்தர் பேராக எழுதி அனுப்பு. பேனர் கடை வைத்திருக்கிறானே உன் சிநேகிதன் சிலம்பரசன், அவன் அன்றைக்குப் பாதி நேரம் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டே திரிந்தான். அவனை முதலில் எழுது.

எதிர்வீட்டுத் தனம் அக்கா போனில் உன்னோடு பேசலாம். பேசினால் பிளாக் முழுக்கக் கேட்கும். அதனால் கடிதம்தான். தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார். நைட் ஷிஃப்ட் வாரத்தில் உன் மாமா அந்நேரம் தூங்குவார், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்தில் வேலையில் இருப்பார். செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் எழுதாதே. ஒரு மணி வரை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தனக்குத் தெரியாமல் எழுதுகிறேன் என்று தெரிந்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார். இந்த வாரம் நைட். அடுத்தது ஃபர்ஸ்ட். அதற்கடுத்தது செகண்ட்.

அப்பா அம்மா போனபிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நீ ஒருத்தன்தான். மறைக்காமல் எழுது.

அக்கா


ஓசூர்
13-7-2015

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தில் கவர் வந்ததும் ரூமில் இருக்கிற ஐந்து பேரும் காதல் கடிதம் என்று கலாய்த்துவிட்டார்கள். படித்ததும் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

வேனில் வந்தவர்களின் பேரை எழுதச் சொன்னாய். எழுதுவதில் என்ன இருக்கிறது? எல்லாம் நம் பங்காளிகளும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும். இவர்களைச் சந்தேகப்பட்டோம் என்று தெரிந்தால் நாளைக்கு என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடக்கூட ஒருத்தர் வரமாட்டார்கள். சிலம்பரசன் தங்கமான பையன். படம் எடுத்தது நான் சொல்லித்தான். அவனை இதில் இழுக்காதே.

எனக்கு ஒன்று தோன்றுகிறது, சொல்லட்டுமா? டியூஷன் எடுக்கும் ஜெயராமன் சார் எப்படிப்பட்டவர்? அவரும் சடங்குக்கு வந்தாரே. வாத்தியார் என்பதற்காக எல்லோரையும் நம்பிவிட முடியுமா? அப்புறம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே, பாப்பாவிடமும் நைசாக ஒரு வார்த்தை கேட்டுப் பார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்மைப்போல இல்லை.

நேரில் வரத்தான் ஆசை. சூப்பர்வைசர் லீவு தர மாட்டேன் என்கிறார். கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி.

அந்தப் பேனர் இன்னும் வண்டி மேல்தான் இருக்கிறதா? இருந்தால் கிழித்துப் போட்டுவிடு. வெயிலில் சாயம் இளகி வண்டியில் ஒட்டிக்கொள்ளும், அதற்காகச் சொல்கிறேன்.

உன் தம்பி
இளம்பரிதி


நெய்வேலி
22-7-2015

தம்பி,

உன் பேச்சைக் கேட்டு ஜெயராமன் சார் வீட்டுக்குப் போனேன். போன் நம்பரை யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டேன். நான் கேட்ட தோரணையிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. டியூஷன் பிள்ளைகள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையில் சாக்பீஸ். "எம் பேத்தி வயசும்மா அவளுக்கு" என்றார். போர்டு பக்கம் திரும்பிக் கணக்கை எழுத ஆரம்பித்துவிட்டார். வீடு வரும்வரை என் செருப்பையே பார்த்துக்கொண்டு நடந்து வந்தேன். அந்தப் பாவத்தில் பாதி உன்னுடையது.

இப்போது நான்கு நம்பரிலிருந்து வருகிறது. ஒருத்தன் வைத்தால் இன்னொருத்தன். போன வாரம் ஒரு வாழ்த்து அட்டை தபாலில் வந்தது. 'இசைப்பிரியா, ஒன்பதாம் வகுப்பு' என்று பேர், பள்ளிக்கூடம், குவார்ட்டர்ஸ் நம்பர் எதுவும் தப்பில்லை. உள்ளே ஒரு ரோஜாப்பூ படம். கீழே எழுதியிருந்ததை நான் உனக்கு எழுத மாட்டேன்.

வெள்ளிக்கிழமை ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்தில் பைக்கில் இரண்டு பேர் வந்து, "மகாராணி, நம்மள ஒரு தடவ பாக்க மாட்டியா?" என்று கத்தியிருக்கிறார்கள். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய உன் மாமா காதிலேயே விழுந்தது. துரத்தினார், பிடிக்க முடியவில்லை. அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"நம்பரு, கிளாஸு, வூடு, பஸ்ஸு, எல்லாத்தையும் தெரிஞ்சிகினு வரானுங்க. உம் பொண்ணு குடுக்காம எவன் குடுப்பான்?"

போலீசில் சொல்லலாம் என்றேன். "ஸ்டேஷனுக்குப் போனா பேரு வெளிய வந்துடும்டி" என்கிறார். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. டியூஷனும் நின்றது. காலையில் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு பையோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது மணிக்குத் தானே போய் மாற்றிக்கொள்கிறாள்.

நைசாகக் கேட்கச் சொன்னாயே, கேட்டேன். அவள் பையை முழுக்கக் கொட்டிப் பார்த்தேன், நோட்டு நோட்டாக உதறினேன். ஒன்றும் இல்லை. ஆனால் முன்னெல்லாம் "எனக்குத் தெரியாதும்மா" என்றாள். இப்போது அதைச் சொல்வதில்லை. "நான் எதுவும் பண்ணல" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். எதையோ மறைக்கிறாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

நீயும் ஒன்று சொல். வண்டியில் சாயம் ஒட்டும் என்று எப்போதிலிருந்து உனக்கு இவ்வளவு அக்கறை?

இந்த வாரம் அவருக்கு செகண்ட் ஷிஃப்ட். திங்கட்கிழமைக்குப் பிறகு எழுது.

அக்கா


ஓசூர்
28-7-2015

அக்காவுக்கு,

ஓவர்டைம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கவலைப்படாதே. இன்னும் பத்து நாளில் எல்லாம் அடங்கிவிடும். என்னை நம்பு. ஒருத்தனும் கூப்பிட மாட்டான். மாமாவிடம் பக்குவமாகச் சொல்லி பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. காலாண்டுப் பரீட்சை வருகிறது, படிப்பு கெட்டுவிடக் கூடாது. முடிந்தால் சிம்மை மாற்றச் சொல்.

சிலம்பரசனிடம் போய் எதுவும் கேட்காதே. அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஜெயராமன் சாரைப் பற்றி நான் எழுதியது ஒரு பேச்சுக்கு. நீ நேராகப் போய் நிற்பாய் என்று நினைக்கவில்லை.

இளம்பரிதி


நெய்வேலி
9-8-2015, ஞாயிறு

இளம்பரிதிக்கு,

பத்து நாள் ஆகிவிட்டது. நேற்று மட்டும் ஆறு போன் கால். பத்து நாளில் அடங்கிவிடும் என்று உனக்கு யார் சொன்னது? ஜோசியம் பார்த்தாயா?

போகாதே என்றாய், அதற்காகவே போனேன். பஸ் ஏறிக் குறிஞ்சிப்பாடி போய் சிலம்பரசன் கடை முன்னால் நின்றேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்தான். "அக்கா, சாப்புட போறேன், அப்புறம் வாங்க" என்று பாதி ஷட்டரை இறக்கிவிட்டான். மணி பத்தரை. பத்தரை மணிக்கு என்னடா சாப்பாடு? "எதா இருந்தாலும் இளம்பரிதியக் கேளுங்க" என்று மட்டும் சொன்னான். இப்போது கேட்கிறேன். என்ன இருக்கிறது உன்னிடம் கேட்க?

வெள்ளிக்கிழமை இங்கே நடந்ததையும் தெரிந்துகொள். உன் மாமா பாப்பாவை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். ஆடி வெள்ளி, கோயிலில் பிளாக்கே நிற்கிறது. கூழ் வாங்க வந்த தனம் அக்கா ஒரு தூண் ஓரமாக ஒதுங்கி வேடிக்கை பார்க்கிறாள்.

"'அவனுங்களுக்கு நம்ம நம்பரு எப்படிப் போச்சின்னு எனக்குத் தெரியாது'ன்னு சொல்லி அணைடி" என்றார்.

சூடம் எரிந்துகொண்டிருக்கிறது. இவள் கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"நான் யாருக்கும் குடுக்கல. அதச் சொல்லி வேணா அணைக்கிறேன்."

"நான் சொல்றதச் சொல்லுடி!"

"அது மாட்டேன்ப்பா."

அத்தனை பேர் எதிரில் அறைந்தார். நான் குறுக்கே போகவில்லை. எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. தப்பு செய்யாதவள் ஏன் மறுக்கிறாள் என்று எனக்கும் அந்த நிமிடத்தில் தோன்றியது. சூடம் தானாக எரிந்து அணைந்தது.

நேற்றுச் சாயங்காலம் திருவதிகையில் அவர் அக்கா பட்டம்மாள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். வருகிற வெள்ளி ஆடிக் கடைசி வெள்ளி. இன்னொரு தடவை கோயிலுக்குக் கூட்டிப் போவாராம். அன்றைக்கும் மறுத்தால் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிவிடுவாராம். "எட்டாவது பாஸ் போதும்" என்கிறார். அவள் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்குகிற பிள்ளை. அவளைக் காட்டில் கொல்லையில் முந்திரி பொறுக்க அனுப்பிவிட்டு நான் என்ன சுகத்தைக் காணப்போகிறேன்?

உனக்கு ஏதோ தெரியும். தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே.

நாளையிலிருந்து அவருக்கு செகண்ட் ஷிஃப்ட். எழுதினால் அவர் கையில் போய்விடும். என்ன செய்வாயோ தெரியாது.

ஆதிலட்சுமி


ஓசூர்
11-8-2015

அக்கா,

செகண்ட் ஷிஃப்ட் வாரம் என்று தெரிந்துதான் இதை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். மாமா, கவரைப் பிரித்தது நீங்களாக இருந்தால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். போனில் சொல்ல, ரூமில் இருப்பவன் போனிலிருந்து மூன்று தடவை உங்கள் நம்பரைப் போட்டேன். நீங்கள் ஹலோ என்று அதட்டியதும் வைத்துவிட்டேன். அந்த மூன்று காலும் என்னுடையதுதான்.

அக்கா, உன் முதல் கடிதத்தில் 'மாமன் வீட்டு மகாராணி' என்று படித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பேனர் ஒரே நாள்தான் தொங்கியது என்று எழுதியிருந்தாய். அது இரண்டு மாதம் தொங்கியது. சிலம்பரசன் கடைக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் இருக்கிறது. அடிக்கிற பேனரையெல்லாம் விளம்பரத்துக்கு அதில் போடுவான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சடங்குப் பேனரைப் போட அவனே தயங்கினான். "பொம்பளப் புள்ள படம்டா, வேணாம்" என்றான். நான்தான் "எம் மருமவ பேனரு ஊரே பாக்கட்டும்டா" என்று போட வைத்தேன்.

பேனரில் எல்லாம் இருந்தது. ஊதா தாவணியில் முழுப்படம், பேர், பள்ளிக்கூடம், வகுப்பு, வட்டம், குவார்ட்டர்ஸ் நம்பர். தாய்மாமன் பேனர் வெறிச்சென்று இருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். வழி கேட்கிறவர்களுக்கு என்று உங்கள் போன் நம்பர். எல்லாம் அடியில் பொடி எழுத்தில் இருந்ததால் நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். என் நம்பரைப் போட்டிருக்கலாம். வேலை நேரத்தில் இங்கே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் உங்களுடையதைப் போடச் சொன்னேன்.

ஐந்நூறு பேர் லைக் போட்டார்கள். ரூமில் எல்லோருக்கும் காட்டினேன். கீழே கண்டவனெல்லாம் கண்டதை எழுதியிருந்தான். ஒன்றிரண்டைப் படித்துவிட்டு, வயசுப் பையன்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அதில் எவனோ படத்தை எடுத்து வேறு ஏதோ அசிங்கமான குரூப்பில் போட்டுவிட்டான்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே சிலம்பரசனிடம் சொல்லி எடுக்க வைத்துவிட்டேன். எடுத்துவிட்டால் கால் நின்றுவிடும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டேன். அதனால்தான் பத்து நாள் என்று எழுதினேன். அதற்குள் எத்தனை பேர் போனில் ஏறிவிட்டதோ, எனக்குத் தெரியவில்லை.

லீவு கேட்கவே இல்லை. மாமா என்னை வாசலில் நிற்க விடமாட்டார், உன் வீடும் எனக்கு இல்லாமல் போய்விடும் என்று பயம். அந்தப் பயத்தில் ஜெயராமன் சாரை மாட்டிவிட்டேன். பாப்பாவை நைசாகக் கேள் என்று எழுதினேன். தூக்கி வளர்த்த பிள்ளை மேலேயே பழியைத் தள்ளிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா.

மாமா, சூடம் அணைக்க வேண்டியவன் நான். எந்தக் கோயிலில் சொன்னாலும் வருகிறேன். பாப்பாவைக் கூட்டிப்போகாதீர்கள்.

இளம்பரிதி


நெய்வேலி
23-8-2015, ஞாயிறு

இளம்பரிதிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்தது. அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். வாசலில் நின்றபடி படித்தார். உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். நான் அடுப்படியில் குழம்பு கொதிப்பதைக்கூடக் கவனிக்காமல் நின்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "உன் தம்பி எழுதியிருக்கான்" என்று என்னிடம் நீட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஷிஃப்டுக்குப் போகவில்லை. திருவதிகைக்குப் போகப் பண்ருட்டி பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் பாப்பாவோடு வந்தார்.

கூடத்தில் அவளை உட்கார வைத்து உன் கடிதத்தைக் கொடுத்தார். அவள் வாங்கிப் பார்த்தாள். ஆச்சரியமே படவில்லை. எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது.

"உனக்கு முன்னயே தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

முதல் கால் வந்த இரண்டு மூன்று நாளிலேயே, கூடப் படிக்கும் அபி தன் அக்கா போனில் அந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கிறாள். கீழே 'என் தங்கம்' என்று நீ எழுதியதும் இருந்ததாம். அவள் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியுமாம். நமக்குத்தான் தெரியாது.

"ஏன் சொல்லல?" இதை அவர் கேட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"சொன்னா நீங்க மாமாவ வூட்டுக்குள்ள வுட மாட்டீங்க. அம்மாவுக்கு அவுங்க வூட்டுல வேற யாரு இருக்கா? அதான் சொல்லல. சூடத்து மேல பொய்யும் சொல்ல முடியல."

அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சந்தேகப்பட்டதும் நீ பழி போட்டதும் இந்தப் பிள்ளை மேல்தான். அறை வாங்கியது உனக்காக, பள்ளிக்கூடத்தை விட்டது எனக்காக. உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பேனரில் என் படத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டாய் என்று அன்றைக்குச் சண்டை போட்டவள்தானே நான். படத்தைப் போடலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை.

அந்தப் படத்துக்குக் கீழே கண்டவன் எழுதியிருந்ததையெல்லாம் அவள் படித்திருக்கிறாள். ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.
██████████████████
██████████████████
██████████████████

திங்கட்கிழமை அவரே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் டீச்சரிடம் பேசினார். போய்க்கொண்டிருக்கிறாள். நம்பர் மாற்றியாயிற்று. புதன்கிழமை போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தார். பேர் வெளியே வந்துவிடும் என்று இனிமேல் பயப்பட என்ன இருக்கிறது? ஜெயராமன் சார் வீட்டுக்கு நான் போய்விட்டு வந்தேன். நீயும் போக வேண்டும். அது உன் கடன்.

நீ வாசப்படி ஏறக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை. மாமா மேல் கோபமில்லையா என்று பாப்பாவைக் கேட்டேன். "இருக்கு. ரொம்ப இருக்கு" என்றாள். எப்போது வரலாம் என்று அவள் சொல்லட்டும். நீயாக வந்து நிற்காதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "யாருக்கும்மா? என்னப் பத்தியா எழுதிகினு இருக்க?" என்றாள். ஆமாம் என்றேன். "படிச்சிக் காட்டு" என்றாள். ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினேன். பேனாவை வாங்கி மூன்று வரியை அடித்தாள். மறுபடியும் மறுபடியும் அடித்தாள். "இப்ப போஸ்ட் பண்ணிக்கோ" என்றாள்.

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

அக்கா